கடைசியாகச் சொல்லும் பெயர்

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏளா" என்று ஒரு குரல் கொடுப்பார், அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கோபமாக இருந்தால் அந்த "ஏளா"வும் கிடையாது, தொண்டையைச் செருமுவார். வெளியாட்களிடம் பேசும்போது "பிள்ளைகளோட அம்மா" என்பார். இளவயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத்துக்கு வந்து, சாப்பாடு போதும் என்பதற்கே "நக்கோ" என்று சொல்லுமளவுக்கு இந்த ஊர்க்காரராகிவிட்ட மனிதர் அவர். பெண்டாட்டியைக் கூப்பிடுகிற விஷயத்தில் மட்டும் சொந்த ஊரை விட்டு ஒரு அடி நகரவில்லை.

அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு யாரும் மிச்சமில்லை. எங்களுக்கு அம்மா, அத்தைக்கு மதினி, நாங்கள் குடியிருந்த மெட்டுகுடா சந்தில் அத்தனை பேருக்கும் 'கார்டு வீட்டம்மா'. அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைப் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்று நான் கேலி செய்வதுண்டு. அம்மா சிரிப்பாள்.

கேலிக்காகச் சொன்னேனே தவிர, அது முழு உண்மையில்லை. நாளுக்கு ஒருமுறை அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலித்தது. குடும்ப ஜெபத்தில்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். வானம் இடிந்து விழுந்தாலும் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலும், அப்பா ரிட்டயர் ஆகி நாலு சந்து தள்ளி ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்த பிறகும், அதே பிரம்பு நாற்காலி, அதே இடம். ஒரு பாட்டு, ஒரு பகுதி வாசிப்பு, பிறகு அப்பா ஜெபிப்பார். எல்லோரையும் பெயர் சொல்லி. வரிசை மாறவே மாறாது. முதலில் சபை, அப்புறம் தேசம், அப்புறம் இந்த நேரத்தில் வண்டியில் போய்க்கொண்டிருக்கும் டிரைவர்கள், கார்டுகள், தண்டவாளம் திருப்பிவிட நிற்கும் பாயிண்ட்ஸ்மேன்கள். சபையில் நோயாய்க் கிடப்பவர்கள். அத்தை, அவள் வீட்டார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி, அவன் மனைவி. நான், என் கணவர், என் மகள். எல்லோரும் முடிந்த பிறகு, ஒரு மூச்சு விட்டு, அம்மாவின் முழுப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், ஒரு எழுத்து விடாமல். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்.

சின்ன வயதில் அந்த இடம் வரும்போது நானும் தம்பியும் முழங்கையால் இடித்துக்கொள்வோம். கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும். முடியாது. ஜெபத்தில் கண் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளிவிடுவாள். தன் கண்ணையும் மூடிக்கொண்டே எங்கள் கண் திறந்திருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருமுறை கேட்டேன், அம்மாவை ஏன் எப்போதும் கடைசியில் சொல்லுகிறீர்கள் என்று. சம்பாதிக்கிற மகளின் மிதப்பு எனக்கு அப்போது நிறைய இருந்தது. பெண்களுக்குக் கடைசி இடம்தானா என்கிற தொனியில் கேட்டேன்.

"ஒரு வண்டி ஸ்டேஷனத் தாண்டுதுன்னா மாஸ்டர் எதப் பாப்பாரு தெரியுமா?" என்றார் அப்பா. "இஞ்சினயா பாப்பாரு? கடைசிப் பெட்டியப் பாப்பாரு. அது வந்துட்டாத்தான் வண்டி முழுசா வந்து சேந்துச்சின்னு அர்த்தம். கார்டு உக்காந்திருக்கது அந்தப் பெட்டியிலதான்."



அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியதிலிருந்து காது மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் போன் மணி. அப்புறம் என் மகளின் கீச்சுக் குரல். அவளோ தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாகப் பேசுகிறவள், அம்மாவுக்கு அது இரட்டைத் தண்டனை. ஆனால் அப்பாவின் குரல் மட்டும் அம்மாவுக்குக் கேட்டது. சபைப் பாடகர் குழுவில் அவர்தான் அடிக்குரல். பெட்டியின் அடியில் கிடக்கும் கனமான சாமானை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஜெபத்தின்போது அம்மா அவருக்கு இடப்பக்கம் தன் பிரம்பு மோடாவைப் போட்டு, கொஞ்சமாவது கேட்கிற வலது காதை அவர் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள்.

காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது கூவுகிறது என்று கழற்றி அலமாரி டிராயரில் போட்டுவிட்டாள். அதற்குப் பதில் எங்கள் வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். "வாய மறைக்காமப் பேசு" என்று கையைத் தட்டிவிடுவாள். எங்கள் வாய் அசைவதை வைத்தே முக்கால்வாசி பிடித்துவிடுவாள். மீதிக் கால்வாசிக்குத் தலையை ஆட்டிவிடுவாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அம்மா சொன்னாள், "அப்பா சத்தம் எனக்கு எட்ட மாட்டேங்கு."

நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தோம். பாவம், இருந்த காதும் போய்விட்டது. தம்பி அமெரிக்காவிலிருந்து போன் செய்து உயர்ந்த ரக மெஷின் அனுப்புவதாகச் சொன்னான். அத்தை ஏதோ இலைச்சாறு சொன்னாள். கொஞ்ச நாள் அதிலேயே போயிற்று. கடைசியில் அப்பாவே அம்மாவை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாதாப்பூர் ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

டாக்டர் அம்மாவைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தார். போன தடவை எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை என்றார். அப்பா விடவில்லை. இல்லை டாக்டர், நான் பேசுவது இவளுக்கு இப்போது கேட்பதில்லை, இத்தனை வருஷமாகக் கேட்டதே என்று தெலுங்கில் விவரமாகச் சொல்லிக்கொண்டு போனார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், "சார், மீ கொந்து எப்பட்னுஞ்சி இலா உந்தி?" என்றார். உங்கள் தொண்டை எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?

அந்த நிமிஷம்தான் எனக்கும் அது காதில் விழுந்தது. கனத்த குரல் கரகரத்து, உள்ளே காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. காது நன்றாகக் கேட்கிற நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. காது கேளாதவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் சொன்னதற்கு அவள் காதையே சோதித்துக்கொண்டிருந்தோம்.

குரல்வளையில் கட்டி. புற்றுதான். பரவுவதற்கு முன் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியாக மூச்சு, உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இந்தக் குரல் திரும்ப வராது என்று டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். அப்பா கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"விசில் ஊத முடியுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன், கார்டாக இருந்தவர், அந்த விசிலை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் என்று. காற்று வாய்க்கு வராது, அதனால் முடியாது என்றார் டாக்டர். அப்பா தலையசைத்தார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது பையைத் தடவி விசில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது, ஆட்டோக்காரரிடம் வாடகைக்குச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டேன்.

டாக்டர் இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னதால் அம்மாவால் அவர் வாயைப் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்போ ஜெபம் யாரு பண்ணுவா?" என்று கேட்டாள்.

மனிதர் உயிருக்கே ஆபத்து என்கிறேன், இவள் ஜெபத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. யாராவது பண்ணுவார்கள் என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். பகல் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. வெந்நீர் குடிப்பார், தொண்டையில் துணி சுற்றிக்கொள்வார், ஏதாவது கேட்டால் கையைக் காட்டுவார். வந்தவர்களெல்லாம், பாவம், பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்றார்கள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். காப்பி டம்ளரை வாயருகில் கொண்டுபோய்க் குடிக்காமல் வெறுமனே மோந்துகொண்டிருப்பார். மூச்சு கழுத்து வழியாகப் போய்விட்டால் மணம் தெரியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆனால் பேசாமலிருந்ததற்குக் காரணம் அது இல்லை. சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் வாயை மூடியிருந்தால்தான் சாயங்காலம் ஜெபம் பண்ணுமளவுக்குக் குரல் வந்தது. அப்போதும் வரிசையில் பாதி தாண்டியதும் தேய ஆரம்பிக்கும். இருமி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அம்மாவின் பெயரைத் தொட்ட பிறகுதான் ஆமென் சொல்வார். அந்த வாரங்களில் அம்மா மோடாவை நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். காது ஏறக்குறைய அவர் தோளில் இருந்தது. எட்டியதா என்று நான் கேட்கவில்லை. பெயர் வந்ததும் அவள் தோள் மெல்லத் தளர்வது தெரியும்.

மறுநாள் காலை ஆபரேஷன் என்று பகலிலேயே அட்மிட் செய்துவிட்டோம். காலையிலிருந்தே அப்பா மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. அன்றைய ஜெபத்துக்குத்தான் அத்தனையும் என்று எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அதுதான் வினை.

எங்கள் சபையில் யாரையும் ஜெபம் இல்லாமல் ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஜெபித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மனஸ்தாபம் வருஷக்கணக்கில் ஓடும். சாயங்காலம் அந்த அறை நிறைந்துவிட்டது. ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதருக்கு ஆளுக்கொரு பை ஆரஞ்சு. அத்தை தொடங்கினாள். அவள் ஜெபத்தில் இதற்கு முன் குடும்பத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரும் வந்தார்கள், பிழைக்காதவர்களும் சேர்த்து. அவள் வைத்திருந்த பாசத்துக்கு அளவில்லைதான், அந்த ஜெபத்துக்கும் அளவில்லை. அப்புறம் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். அப்புறம் சபையின் பெண்கள் ஐக்கியம். பாடகர் குழுவினர் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். மூன்று குரல்கள் கேட்டன, அடிக்குரல் இல்லை. அந்தக் குரலுக்குரியவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். அந்தப் பாட்டை என்னால் நின்று கேட்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் தம்பி போனில் இருந்தான். அங்கே அவனோடு ஜெபிக்கிற நண்பர்கள் கூடியிருக்கிறார்களாம், ஸ்பீக்கரில் போடச் சொன்னான். இங்கிலீஷில், எதிரொலியோடு, அதுவும் நடந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று மலையாளி நர்ஸ் வந்து ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எங்கள் சபைப் பாஸ்டர் ஐயாவிடம் போய், "ஐயா, அப்பா ஜெபம் பண்ணணும்னு இருக்காங்க" என்றேன்.

"பண்ணுவோம்மா, கண்டிப்பா பண்ணுவோம்" என்றார். அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். நான் விளக்குவதற்குள் நர்ஸ் மறுபடி வந்துவிட்டாள்.

அப்பாவே பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். அம்மாவை அருகில் இழுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். அம்மா வலது காதைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அழப்போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் ஐயா கலங்கிப்போய் முன்னால் வந்து, அப்பாவின் தலைமேல் கையை வைத்து, உரத்த குரலில் ஆசீர்வாதம் கூறிவிட்டார். சபை முழுக்க ஆமென் என்றது.

ஆசீர்வாதம் கூறியபின் எங்கள் வழக்கத்தில் யாரும் ஜெபிப்பதில்லை. கூட்டம் முடிந்தது. அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு அன்போடு வந்த அத்தனை பேரையும் கதவுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ராத்திரி நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். நர்ஸ் கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்காது என்று நான் இருந்தேன். அம்மாவை அத்தையோடு அனுப்பினோம். எல்லோரும் போன பிறகு, இப்போதாவது ஜெபம் பண்ணுங்களேன் அப்பா, அம்மா பெயரையும் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

கையை ஆட்டிவிட்டு, கிசுகிசுப்பாக, "அவ இல்லாமலா?" என்றார். "காலைல வருவால்லா. அப்பம் வச்சிக்கிடுவோம்."

காலையில் அவருக்கு முன்னால் ஆபரேஷன் ஆக வேண்டிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதனால் அப்பாவை முன்னாலேயே கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தை பதறிக்கொண்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். இங்கே ஊசி போட்டுவிட்டார்கள், அப்பாவின் நாக்கு கனக்க ஆரம்பித்திருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் அம்மா வரட்டும் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், லிப்டை இரண்டு தடவை போகவிட்டார். அம்மா வராந்தாவின் கோடியில் தெரிந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில் ஓடி வந்தாள்.

மேல்மாடியில் தியேட்டர் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது. அம்மா வந்து நின்றதைப் பார்த்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட்டார். சபைக்காக. தேசத்துக்காக.

நான் அவர் காதில் சொன்னேன், "அப்பா, அம்மா பேர முதல்ல சொல்லிருங்கப்பா."

லேசாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டிரைவர்கள், கார்டுகள், பாயிண்ட்ஸ்மேன்கள். ஒரு சிக்னலையும் விடாமல் போகிற கூட்ஸ் வண்டி மாதிரி, ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று. என் அப்பாமேல் எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. நோயாளிகள். அத்தை. தம்பி. குரல் தேய்ந்துகொண்டே வந்தது, மருந்தும் சேர்ந்துகொண்டது. என் பெயரைச் சொன்னார். என் கணவர் பெயர். என் மகளின் பெயர். உள்ளேயிருந்து பச்சைத் துணி கட்டிய ஒருவர் கதவைத் திறந்து, டாக்டர் காத்திருக்கிறார் என்றார். ஸ்ட்ரெச்சர் அசைந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். தள்ளுகிறவரைப் பார்த்து, "ஜரா டைரோ, பாய்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் தம்பி.

அதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது. என் அப்பாவின் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அம்மா தலைமாட்டுக்கு எதிர்ப்புறத்தில் நின்றிருந்தாள். படுத்திருந்தவரின் வாய் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. என் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"ஜெபம்தானே பண்ணினாங்க?"

"ஆமாம்மா."

"எம்பேரு வரைக்கும் வந்தாங்களா?"

ஜெபம் யார் பண்ணுவார் என்று அவள் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்றேன்.

"அவங்க வரிசைய மாத்த மாட்டாங்க" என்றாள் அம்மா. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். அழவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையோடு, மூக்கில் குழாயோடு, பாதியாக மெலிந்து அப்பா வெளியே வந்தார். தாடையில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற ஒரு மெஷினை ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பழக்கினார்கள். வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அப்பாவே முகத்தைச் சுளித்தார். அம்மாவுக்கு அது கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதையும் அலமாரி டிராயரில் அம்மாவின் காது மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். இரண்டு பேருடைய மெஷின்களும் அங்கே ஒற்றுமையாகக் கிடந்தன.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தோம். பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. அடுத்தது ஜெபம். அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் வேணும்னா..." என்று தொடங்கினாள்.

"நீ இரு. நான் பண்ணுதேன்" என்றாள் அம்மா.

அம்மா வாய்விட்டு ஜெபம் பண்ணி நாங்கள் கேட்டதில்லை. காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள். சபை, தேசம், வண்டியில் போகிறவர்கள், நோயாளிகள், அத்தை, தம்பி, நான். ஒரு ஆள் இடம் மாறவில்லை. என் மகள் பெயருக்குப் பின்னால் "இவங்களையும்" என்று அப்பாவைச் சேர்த்துக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கும் கிடையாது. அப்புறம் நிறுத்திவிட்டாள்.

ஆமென் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அழுகிறாளோ என்று பயந்து நான் கண்ணைத் திறந்தேன்.

அம்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். ஜெபத்தில் கண் திறந்ததற்காக எங்கள் தொடையைக் கிள்ளிய அம்மா. மோடாவை எப்போதோ திருப்பிப் போட்டிருக்கிறாள். அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்கள் வழக்கம் போல மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன. சத்தம் என்று ஒன்றும் இல்லை. அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.

"ஆமென்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலைகீழாகிவிட்டது. அப்பா வாயசைத்தால் காதுள்ள நாங்கள் ஆளாளுக்கு விழிப்போம். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி ஆறிப்போச்சிங்காங்க" என்பாள். "நியூஸ் பாக்கணுமாம், சேனல மாத்து" என்பாள். தம்பி போன் செய்தால் அப்பா பேசுவார், அம்மா அதைப் பார்த்துச் சொல்லுவாள், அங்கிருந்து அவன் சொல்வதை நான் வாயசைத்து அம்மாவுக்குச் சொல்லுவேன். ஒரு நலம் விசாரிப்புக்கு மூன்று ஆள் வேலை. சிரித்திருக்கிறோம். அப்பாவும் சிரிப்பார், கழுத்துத் துளையில் காற்று வந்து போகும்.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. பிறகு புற்று நெஞ்சுக்கூட்டுக்கு இறங்கிவிட்டது. இன்னொரு ஆபரேஷனுக்கு வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது அப்பா ஏதோ சொன்னார். அம்மா எங்களுக்குச் சொல்லவில்லை. அது அவளுக்கு மட்டும் சொன்னது போலிருக்கிறது. கடைசி வாரத்தில் உதடு அசைவதுகூட மங்கிவிட்டது. அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவின் அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, சாயங்காலம் நாங்கள் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். தம்பி வந்திருந்தான். அத்தை இருந்தாள். பிரம்பு நாற்காலியை எடுத்து மூலையில் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அது இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா ஜெபித்தாள். வரிசை மாறவில்லை. என் மகள் பெயர் வந்தது. "இவங்களையும்" என்பது வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டி வந்து, வழக்கம் போல நிறுத்தினாள்.

அந்தப் பெயரை நானாவது சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் பெற்றவளை எப்படிப் பெயர் சொல்வது? தம்பிக்கும் அதேதான் தோன்றியதாகப் பிற்பாடு சொன்னான். அந்த அறையில் அம்மாவைப் பெயர் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா மோடாவை மறுபடியும் பழைய இடத்துக்கே, நாற்காலிக்கு இடப்பக்கமாகவே போட்டிருந்தாள். வலது காதை நாற்காலியின் பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.